தலைவர் வைக்கப்போகும் பெயர்

ஜனவரி 4, ஞாயிறு

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். எனக்கே வெட்கமாக இருப்பதையும் மறைக்க மாட்டேன். அதை முதலிலேயே சொல்லி முடித்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். என் பெயர் மறியல்செல்வி.

கைதவறி எழுதிவிடவில்லை. சாலை மறியலில் வருகிற அதே மறியல்தான்.

என் அப்பா மாசிலாமணி குட்டி யானை ஓட்டுகிறார். குட்டி யானை என்றால் சின்ன லோடு வண்டி. மற்ற நாட்களில் அதில் வாழைத்தார் ஏற்றுவார். கட்சிக் கூட்டம் என்றால் வாழைத்தாரை இறக்கிவிட்டு ஆட்களை ஏற்றுவார். எங்கள் தெருவுக்குக் கட்சியின் கிளைச் செயலாளர் அவர்தான். நான் பிறந்த அன்று ஒரு சாலை மறியலில் கைதாகி, கல்யாண மண்டபம் ஒன்றில் அடைக்கப்பட்டிருந்தார். மாலையில் தலைவரே அங்கு வந்தாராம். யாரோ, "ஐயா, நம்ம மாசிலாமணிக்குப் பொண்ணு பொறந்திருக்கு" என்றார்களாம். தலைவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் "மறியல்செல்வி" என்றாராம். யோசிக்கவில்லை என்பதை நான் முழுமையாக நம்புகிறேன்.

மண்டபமே கைதட்டியது என்பார் அப்பா. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்தக் கைதட்டல் இன்னும் கொஞ்ச நேரம் நீடிக்கும்.

அந்த மறியல் எதற்காக என்று கேட்டேன். ஒரு தடவை குடிதண்ணீருக்காக என்றார். இன்னொரு தடவை டவுன் பஸ்ஸுக்காக என்றார். இரண்டுமே இன்னும் எங்கள் தெருவுக்கு வரவில்லை என்பதால் எதுவாகவும் இருக்கலாம்.

இதையெல்லாம் இன்று எழுதக் காரணம், நேற்று முன்தினம் எனக்குத் தங்கை பிறந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அவளைக் கையில் வாங்கியதும் அப்பா சொன்னது இது:

"இவளுக்கும் தலைவர்தான் பேரு வைக்கணும். அதுவரைக்கும் ஒருத்தரும் வாயத் தெறக்கக் கூடாது."

தங்கை உடனே வாயைத் திறந்து அழுதாள். அவளுக்கு நிலைமை புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நான் முடிவு செய்துவிட்டேன். என்ன ஆனாலும் சரி, அவளுக்கு மனிதர்கள் வைத்துக்கொள்கிற பெயர்தான் கிடைக்க வேண்டும்.

ஜனவரி 7, புதன்

அப்பாவின் கட்சியில் இது ஒரு பழக்கம். குழந்தை பிறந்தால் தலைவர் ஊருக்கு வரும்வரை காத்திருப்பார்கள். மேடையில் குழந்தையைத் தூக்கிக் கொடுப்பார்கள். கட்சி அன்றைக்கு என்ன செய்துகொண்டிருக்கிறதோ அது குழந்தைக்குப் பெயராகிவிடும்.

பொருளாளர் வீட்டுப் பையன் உண்ணாவிரதச்செல்வன். சாயங்காலம் பரோட்டாக் கடையில் அவனைப் பார்க்கலாம். கடைக்காரர் அவனுக்கென்று தனியாக மாவு பிசைகிறார். பால்காரர் மகள் வெற்றிவாகை. அவள் பிறந்த தேர்தலில் கட்சிக்கு டெபாசிட் போய்விட்டது. பாவம் கூட்டணிமணி. அவனுக்குப் பல் முளைப்பதற்குள் கூட்டணி உடைந்துவிட்டது. இப்போது யாராவது அவன் முழுப்பெயரைச் சொன்னால் அவன் அப்பா சுற்றுமுற்றும் பார்க்கிறார்.

அம்மாவும் பாப்பாவும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். துணி துவைப்பது இனி என் வேலை. பாப்பா மிகவும் சின்னவள். துணிகள் மட்டும் ஒரு பெரிய குடும்பத்துக்கானவை.

ஜனவரி 11, ஞாயிறு

பெயர் தேடுகிறேன். பள்ளி நூலகத்தில் அகராதியை வீட்டுக்குத் தர மாட்டார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் போய் நின்றுகொண்டே படிக்கிறேன்.

கிடைத்த பெயரைக் கொல்லைப்புறத்தில் நின்று உரக்கக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதில் தேறினால் ஜெனிபரிடம் கொண்டுபோக வேண்டும். ஜெனிபர் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள். எந்தப் பெயரையும் எப்படிக் கெடுப்பது என்று அவளுக்கு உடனே தெரியும். அவளிடம் தப்பிக்கிற பெயர் உலகத்தில் எங்கேயும் பிழைத்துக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை நடந்தது:

"ஆம்பல்."

"ஆம்புலன்ஸ்."

"கார்குழலி."

"காரா, குழாயா, ஏதாவது ஒண்ணு சொல்லுடி."

"இளவேனில்."

ஜெனிபர் நகத்தைக் கடித்தாள். மேலே பார்த்தாள். "ஒண்ணும் தோணல. போடி" என்றாள்.

அவள் வாயால் யாருக்கும் இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை. இன்று கொல்லையில் நின்று "இளவேனில்! இளவேனில்!" என்று கூப்பிட்டேன். மிக நன்றாக இருந்தது.

"யாரடி கூப்பிடுற? நாயா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். தலைவர் வாழ்த்து அனுப்பியிருக்கிறார். வரவில்லை.

ஜனவரி 19, திங்கள்

கணக்கு டீச்சர் விடுப்பு. பதிலுக்கு வந்த புது டீச்சர் வருகைப் பதிவு எடுத்தார். என் பெயர் வந்ததும் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பெயர் அப்படியேதான் இருந்தது.

"மறியலா? உங்க வீட்ல பெரியவங்க யாரும் இல்லியாம்மா?"

"இருக்காங்க மிஸ். அவங்கதான் வச்சாங்க."

வகுப்பு முழுவதும் சிரித்தது. பிறகு நான் கணக்குப் போடக் கரும்பலகைக்கு எழுந்து போனபோது பின்பெஞ்சிலிருந்து, "ஏய், பஸ்ஸ நிறுத்துங்க, மறியல் வருது" என்றார்கள். இது ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லப்படும் நகைச்சுவை. புதிதாக எதையாவது யோசிக்கக் கூடாதா என்றுதான் எனக்கு வருத்தம். வேறு வருத்தம் எதுவும் இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது ஜெனிபர் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். எனக்குச் சளி பிடித்திருந்தது.

ஜனவரி 25, ஞாயிறு

அடுத்த ஞாயிறு தலைவர் வருகிறார்! அப்பா பாப்பாவுக்குக் கட்சிக்கொடி நிறத்தில் சட்டை வாங்கி வந்திருக்கிறார். அதில் மூன்று பாப்பாக்கள் நுழையலாம்.

நல்ல மனநிலையில் இருந்தார் என்பதால் பேச்சைத் தொடங்கினேன்.

"அப்பா, இளவேனில்னு ஒரு பேரு. எப்படி இருக்கு?"

"பிரமாதமா இருக்கே."

"அப்ப அதையே வச்சிருவோமா?"

"தலைவரு வச்சா வச்சுக்குவோம்."

"அவரு வேற எதாவது வச்சுட்டா?"

"அதுவும் பிரமாதமாத்தான் இருக்கும்."

வழி சொன்னவர் ஒன்றியம். ஒன்றியச் செயலாளரை எல்லோரும் 'ஒன்றியம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தக் கட்சியில் சொந்தப் பெயரே வேண்டாம் என்று தப்பித்துக்கொண்ட ஒரே ஆள். புத்திசாலி. "நீ ஒரு சீட்டுல எழுதிக் குடு பாப்பா. மேடையில நான் தலைவர் கையில குடுத்துர்றேன். அவரு அதையே படிச்சுருவாரு. அங்கங்க அப்படித்தான் நடக்குது" என்றார்.

என்னால் முடிந்த அழகான எழுத்தில் 'இளவேனில்' என்று எழுதிக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பையில் ஏற்கெனவே நிறையச் சீட்டுகள் இருந்தன.

பிப்ரவரி 1, ஞாயிறு

கூட்டம் தள்ளிப்போய்விட்டது. தலைவருக்குத் தொண்டை சரியில்லையாம்.

"அவரு தொண்டை அப்படியே இருந்தாத் தேவல" என்றாள் அம்மா. அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று அம்மா பாப்பாவைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் ஊற்ற நின்றேன். "உனக்கு எந்தப் பேரும் தோணலியாம்மா?" என்று கேட்டேன்.

"என்னைய யாரு கேட்டா?"

"நான் கேக்குறேன்ல."

பாப்பாவின் கையை நீவிவிட்டாள். பிறகு, "நீ எங்க பொறந்த தெரியுமா?" என்றாள்.

"பெரியாஸ்பத்திரியில."

"பைபாஸ்ல. ஆட்டோவுல."

எனக்குச் சொம்பு கையிலேயே நின்றுவிட்டது. அம்மா ஏதோ மளிகைக் கணக்குப்போலச் சொல்லிக்கொண்டே போனாள். மத்தியானம் வலி எடுத்ததாம். பக்கத்து வீட்டு மலர்க்கொடி அக்காதான் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனாராம். கைகாட்டி முனையில் வண்டிகள் எல்லாம் வரிசையாக நின்றனவாம்.

"மறியலு. ஆட்டோக்காரர் போயி கெஞ்சுனாரு. ஆம்புலன்ஸ் மட்டுந்தான் விடுவோம், ஆட்டோவுக்கு உத்தரவு இல்லன்னுட்டாங்க. பஸ்ல இருந்து பொம்பளைக எறங்கி வந்து சேலையப் புடிச்சு மறைச்சாங்க. அங்கனயே நீ பொறந்துட்ட."

"அப்பா?"

"முன்னாலதான் ரோட்டுல உக்காந்திருந்தாரு. கோஷம் போட்டாரு. அவரு குரலு எனக்கு நல்லாக் கேட்டுச்சு." பாப்பாவைத் திருப்பிப் போட்டாள். "நான் கத்துனது அவருக்குக் கேக்கல."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"போலீஸ் எல்லாரையும் ஏத்திட்டுப் போனப்பறம் வழி விட்டாங்க. ராத்திரி ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. மண்டபத்துல சாப்பாடு நல்லா இருந்துச்சாம். தலைவரு பேரு வச்சாராம். மொகத்துல அம்புட்டுச் சந்தோசம். அப்ப என்னத்தச் சொல்ல? மலரு அக்காவையும் வாயத் தெறக்காதன்னுட்டேன்."

"உனக்குக் கோவம் வரலியா?"

"தண்ணிய ஊத்துடி. ஆறிப்போகுது."

ஊற்றினேன்.

ஆக, இந்த ஊரிலேயே தன் பெயருக்கு முழுத் தகுதி உள்ள ஆள் நான் ஒருத்திதான். உண்ணாவிரதச்செல்வனெல்லாம் என் பக்கத்தில் நிற்க முடியாது.

சிரிப்பாக எழுதலாம் என்று பார்த்தேன். சரியாக வரவில்லை.

பிப்ரவரி 18, புதன்

பாப்பாவுக்குத் தடுப்பூசி. செவிலியர் பெயர் கேட்டார். "இன்னும் வைக்கல" என்றாள் அம்மா. "ஏம்மா, நல்ல நாளு கெடைக்கலியா?" "நல்ல நாளு கெடைச்சிருச்சு. ஆளு கெடைக்கல" என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்தால் ஒன்றியம் காத்திருந்தார். வருகிற ஞாயிறு தலைவர் கட்டாயம் வருகிறாராம். தேர்தல் வருகிறது, எந்தக் கட்சிக்கு எத்தனை தொகுதி என்று பேசி முடிவாகப்போகிறதாம். அதற்குத் தொகுதி உடன்பாடு என்று பெயர். இத்தனை வருடங்களாக அப்பாவின் கட்சி யாரைத் திட்டிக்கொண்டிருந்ததோ அவர்களோடுதான் உடன்பாடு. அப்பா அவர்களைத் திட்டி எழுதிய சுவரில் அப்பாவே சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தார்.

"சீட்டு இருக்கா?" என்று ஒன்றியத்திடம் கேட்டேன். "பத்திரமா இருக்கு" என்று வேறு சட்டையின் பையைத் தட்டிக் காட்டினார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சந்தைத் திடலில் மேடை. தெரு நெடுகக் கம்பத்துக்குக் கம்பம் கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அப்பா ஒரு கம்பத்தின் அடியில் வண்டியை நிறுத்தினார். "நீங்க போங்க. எனக்குப் பேரு இங்கயே கேக்கும்" என்று அம்மா முன்சீட்டிலேயே இருந்துவிட்டாள். அப்பா பாப்பாவைத் தூக்கிக்கொண்டார். நான் துணிப்பையைத் தூக்கிக்கொண்டேன்.

மேடையில் பெற்றோர்கள் குழந்தைகளோடு வரிசையாக நின்றார்கள். தலைவர் மைக்கைப் பிடித்திருந்தார். பக்கத்து நாற்காலிகளில் உடன்பாட்டில் கிடைத்த புதிய நண்பர்கள். எங்கள் முறை வந்தது. அப்பா குனிந்தார். இவ்வளவு பக்கத்தில் அவர் தலைவரைப் பார்ப்பது அந்த மண்டபத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"பேரு?"

"மாசிலாமணிங்கய்யா. கிளைச் செயலாளரு. அன்னிக்கு மண்டபத்துல ஐயாவ..."

"மூத்த புள்ள இருக்கா?"

"இவதாங்கய்யா. மறியல்செல்வி." அப்பா என்னை முன்னால் இழுத்தார். "ஐயா வச்ச பேரு."

"நானா?"

தலைவர் மைக்கை விலக்காமலே சிரித்தார். "ஏன்யா, பொம்பளப் புள்ளைக்கு எவனாச்சும் மறியல்னு பேரு வப்பானா? நீயா ஒண்ண வச்சுட்டு என் தலையில கட்டுறியா?"

திடல் முழுவதும் சிரித்தது. புதிய நண்பர்கள் சிரித்தார்கள். ஒன்றியம் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அதை எழுதாமல் விடலாமா என்று நினைத்தேன். ஆனால் சிரித்தார்.

ஒன்றியத்தின் சட்டைப் பையில் சீட்டுகள் புடைத்துக்கொண்டிருந்தன. அவர் அதைத் தொடவே இல்லை. இரண்டு கைகளும் தட்டுவதில் இருந்தன.

தலைவர் பாப்பாவை வாங்கித் தூக்கிப் பிடித்தார். "இன்னிக்குத் தொகுதி உடன்பாடு கையெழுத்தான பொன்னான நாளு. ஆகவே இந்தக் குழந்தைக்கு நான் சூட்டுகிற பெயர், உடன்பாட்டுச்செல்வி!"

வெடி வெடித்தது. பாப்பா திடுக்கிட்டு அலறினாள். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அதுவும் தெரு முழுவதும் கேட்டது. இன்றைய கூட்டத்தில் மனதில் பட்டதைச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

அப்பா "சரிங்கய்யா" என்றார். பாப்பாவை வாங்கிக்கொண்டு படி இறங்கினார். கூட்டத்தில் யாரோ, "ஏய் மாசி, நல்லாக் கட்டுனடா தலையில!" என்றான். அப்பா திரும்பவில்லை. அவருக்கு முன்னால் நான் நடந்தேன். பின்னால் நடந்தால் அவர் முதுகைப் பார்க்க வேண்டியிருக்கும்.

வண்டியில் அம்மா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே ஸ்பீக்கர் முழங்கிக்கொண்டிருந்தது. அடுத்த குழந்தைக்கு உடன்பாட்டுச்செல்வன் என்று பெயர் வைத்தது கண்ணாடிபோலத் தெளிவாகக் கேட்டது.

"என்ன பேரு வச்சாரு?" என்றாள் அம்மா.

அப்பா பாப்பாவை அவள் மடியில் வைத்தார். சட்டைப் பொத்தான் ஒன்றைச் சரிசெய்தார். "மைக் சரியில்ல. ஒண்ணும் வெளங்கல" என்றார்.

மைக் சரியில்லையாம். தலைவர் இருமினால்கூட எந்தக் கூட்டத்தில் இருமினார் என்று சொல்லக்கூடியவர் அப்பா.

அம்மா ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"ஆமா. எனக்கும் கேக்கல."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"கரகரன்னுதான் இருந்துச்சு" என்றேன்.

பைபாஸில் வரும்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். "அன்னிக்கு மண்டபத்துல அவருதான் வச்சாரு. என் கண்ணு முன்னால சொன்னாரு. நான் பொய் சொல்லல, தவமணி."

கைகாட்டி முனை வந்தது, போனது. அம்மா இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் சொல்வதற்கு நிறைய இருந்தது.

"அவருதான் வச்சாரு. எனக்குத் தெரியாதா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

பிப்ரவரி 23, திங்கள்

காலையிலேயே ஒன்றியம் வந்துவிட்டார்.

"என்ன மாசி, உடன்பாடு எப்படி இருக்கா?"

"எந்த உடன்பாடுண்ணே?"

"யோவ், உம் மக! தலைவரு வச்ச பேருய்யா!"

"மைக் சரியில்லண்ணே. எங்களுக்குக் கேக்கல."

"ஊருக்கே கேட்டுச்சுய்யா! அது என் மச்சான் மைக்செட்டு!"

"அதான்ணே சொல்றேன்."

ஒன்றியத்தின் முகம் மாறியது. அப்பாவைத் தள்ளிக் கூட்டிப்போய்ப் பேசினார். எனக்குக் கேட்டது: "தலைவரு வச்ச பேர வேணாம்னா, கிளைக்கு வேற ஆளப் போட வேண்டி வரும். பாத்துக்க."

அப்பா வண்டியின் முன்னால் கட்டியிருந்த கொடியைக் கம்போடு கழற்றினார். கம்பைத் துணியால் துடைத்தார். கொடியைச் சுருட்டி ஒன்றியத்தின் கையில் கொடுத்தார். சின்னக் கொடிதான். சுருட்ட நெடுநேரம் ஆனது.

அதற்குப் பிறகு வாழைத்தார் ஏற்றப் போய்விட்டார். நான் பள்ளிக்குப் போனேன். உடன்பாடு பற்றி அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜெனிபர் மட்டும், "எங்க தெருவுலயும் மைக் சரியில்லடி" என்றாள். அவள் தெரு திடலுக்கு எதிரில்தான் இருக்கிறது.

இரவு சாப்பிட்டு முடித்ததும் அப்பா தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தவமணி, நீ ஒரு பேரு சொல்லு" என்றார்.

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பிரியா."

அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தமிழ்ப் பேரா..."

"பிரியா" என்றாள் அம்மா.

"சரி."

நான் தாங்க முடியாமல் இடையில் புகுந்தேன். "அம்மா, எங்க கிளாஸ்லயே மூணு பிரியா இருக்கு. இளவேனில்னு எவ்வளவு அழகா..."

"மூணு இருக்கட்டும்டி. பேரச் சொல்லிக் கூப்பிட்டா நாலு பேரு திரும்பணும். எல்லாரும் இவளையே திரும்பிப் பாக்கக் கூடாது."

அகராதி முழுவதும் தேடியும் எனக்கு இப்படி ஒரு பொருள் கிடைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அப்பா தொட்டிலுக்குள் குனிந்து, "பிரியா" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். மைக் இல்லாமல், கோஷம் இல்லாமல். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு, "செல்வி" என்றார்.

அம்மா அப்படித்தான் கூப்பிடுவாள். அப்பா என்னை முழுப்பெயரைத் தவிர வேறு எதையும் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எனக்கு என்னவோபோல இருந்தது. ஏதோ ஒன்றை எடுத்துவிட்டதுபோல.

"ஸ்கூல்ல உன் பேரச் சொல்லிச் சிரிக்கிறாங்களா?"

"இல்லப்பா. யாரும் சிரிக்கிறதில்ல."

"நெசமாவா?"

"நெசமாப்பா. டீச்சருங்களுக்கு ரொம்பப் புடிக்கும்."

அப்பா தலையை ஆட்டினார். நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "போதும், கண்ணு கெட்டுப்போகும்" என்று எழுந்தார். வரி கோணலாகப் போகிறது. விளக்கை அணைத்துவிட்டார்.